இறக்க வழி வைத்துவிட்டு ஏற்றுங்கள்



எனக்கு முன்னால் பேசிய நண்பர் நன்றாகப் பேசினார், கைதட்டலும் வாங்கினார். "கோட் எழுதுகிறவன் சொல்லுக்குத்தான் இங்கே மதிப்பு, ஓட்டு எதற்கு, வாரியம் எதற்கு? தேர்தல் வந்தால் அரசியல் வந்துவிடும்" என்றார். அரசியல் எப்போது போனது, இப்போது வருவதற்கு? சர்வர் வாடகை யார் கணக்கிலிருந்து போகிறது, இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, ஸ்பான்சர் கொடுத்த பணம் எந்த வங்கியில் கிடக்கிறது, ஒருவரைக் குழுவிலிருந்து வெளியே அனுப்புவது யார் கையில் இருக்கிறது? இதற்கெல்லாம் கோட் பதில் சொல்லுமா? யாரோ ஒருவர் முடிவெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான் இன்றைய நிலை. இதற்கு நண்பர் வைத்திருக்கும் பெயர் திறமைக்கு மரியாதை!

பைதான் மொழியின் கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்காகச் சொல்கிறேன். நெதர்லாந்துக்காரர் கீடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதை எழுதத் தொடங்கினார். 1995இலிருந்து அவருக்கு ஒரு பட்டம். ஆயுட்காலத்துக்கும் கருணையுள்ள சர்வாதிகாரி. கேலியாகத் தொடங்கிய பட்டம்தான், ஆனால் உண்மையாகவே கடைசி வார்த்தை அவருடையதாக இருந்தது. நல்ல சர்வாதிகாரி என்று நானும் சொல்வேன். அந்த நல்லவருக்கே என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

ஒரு கோவைக்கு உள்ளேயே மாறிக்கு மதிப்பைக் கொடுக்கும் வசதி வேண்டும் என்று 572ஆம் எண் முன்மொழிவு வந்தது. முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ஒரு சின்னக் குறி. அதற்காக மாதக்கணக்கில் சண்டை. கீடோ அதை ஏற்றுக்கொண்டார். ஏற்ற கையோடு, 2018 ஜூலை 12ஆம் தேதி, பதவியை விட்டு விலகுகிறேன் என்று எழுதிவிட்டார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேருடைய வெறுப்பையும் வாங்கிக்கொள்ள இனி முடியாது என்பது அவர் சொன்ன காரணம். வாரிசையும் நியமிக்கவில்லை. ஜனநாயகமா, சர்வாதிகாரமா, அராஜகமா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

உலகத்தில் பாதிப் பேருடைய வேலை ஓடிக்கொண்டிருந்த மொழி அது. அதில் யார் முடிவெடுப்பது என்று கேட்டால் எழுதி வைத்த பதில் ஒன்றும் இல்லை. ஏழு ஆட்சிமுறைத் திட்டங்கள் வந்தன. இன்னொரு தனித்தலைவர் வேண்டும் என்றது ஒன்று. வாரியமே வேண்டாம், சமூகமே முடிவெடுக்கட்டும் என்றது இன்னொன்று. 2018 டிசம்பரில் வாக்கெடுப்பு முடிந்து, ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு என்ற திட்டம் வென்றது. 2019 பிப்ரவரியில் முதல் குழு வந்தது. விலகிய கீடோவும் போட்டியிட்டு அதில் ஓர் உறுப்பினர் ஆனார், மற்ற நால்வரைப் போல. அடுத்த தேர்தலில் ஒதுங்கியும் கொண்டார்.

அந்தக் குழு உருப்படியாக ஏதாவது செய்ததா என்று கேட்பீர்கள். பைதானில் ஒரே நேரத்தில் ஒரு திரெட்தான் ஓட முடியும் என்று கட்டிப்போட்டிருந்த அந்தப் பெரிய பூட்டை விருப்பப்பட்டால் கழற்றிக்கொள்ளலாம் என்ற முன்மொழிவை 2023இல் ஏற்றுக்கொண்டது இந்தக் குழுதான். சரிப்படாவிட்டால் திரும்பப் பெறுவோம் என்ற நிபந்தனையும் போட்டது. பல ஆண்டு வாக்குவாதம் அது. தனி ஒரு மனிதர் தலையில் அதைக் கட்டியிருந்தால், இன்னொரு ராஜினாமாக் கடிதம் வந்திருக்கும்!

"பிடிக்கவில்லை என்றால் பிரிந்து போகலாமே, கோட் எல்லோருக்கும் பொதுதானே" என்று இன்னொருவர் கீழிருந்து குரல் கொடுத்தார். பிரிந்து போனவர்களைப் பற்றிச் சொல்கிறேன். நோட் ஜேஎஸ் திட்டம் ஜாயன்ட் என்ற நிறுவனத்தின் பிடியில் இருந்தது பிடிக்காமல், 2014 கடைசியில் முக்கியமான நிரலாளர்கள் தனியே போனார்கள். கோட் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுக்க முடியவில்லை, வணிகமுத்திரை நிறுவனத்திடம் இருந்தது. ஐஓ ஜேஎஸ் என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். 2015இல் பொதுவான அறக்கட்டளை ஒன்று வந்த பிறகுதான் இரண்டும் ஒன்றாயின. கோட்தான் எல்லாம் என்கிறவர்கள் வணிகமுத்திரை யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆக, தேர்தல் வேண்டும். ஆனால் உங்கள் கையில் இருக்கும் நம் வாரிய விதிகளின் வரைவில் உள்ள தேர்தல் எனக்கு வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டு, பிறகு ஆண்டு முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பது என்றால் அதற்கு ஒரு வாரியம் எதற்கு?

டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்களைப் பாருங்கள். 1998இல் அரசியல் சட்டம் எழுதியவர்கள். ஆண்டுதோறும் தலைவர் தேர்தல். வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுவார்கள். அந்தச் சீட்டில் "மேலே உள்ள யாரும் வேண்டாம்" என்றும் ஒரு வரி உண்டு. நம் ஊர் நோட்டா நினைவுக்கு வருகிறதா? 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்த நம் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், அடுத்தபடியாக அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர் சட்டமன்றத்துக்குப் போய்விடுவார். கோபத்தைக் கொட்ட ஒரு பொத்தான், அவ்வளவுதான். டெபியனில் அந்த வரி வென்றால் தேர்தலே மறுபடி நடக்கும். தேவைப்பட்டால் மறுபடியும் மறுபடியும் நடக்கும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏறியவரை இறக்கவும் அங்கே வழி இருக்கிறது. 2006இல் ஆந்தனி டவுன்ஸ் தலைவர். வெளியீடு குறித்த காலத்தில் வர வேண்டும் என்பதற்காக, வெளியே நிதி திரட்டி வெளியீட்டுப் பொறுப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் முயற்சி ஒன்றில் அவரும் இருந்தார். காசு வாங்காமல் இரவெல்லாம் உழைத்தவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? தலைவரைத் திரும்ப அழைக்கும் தீர்மானமே வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்றது. அவர் பதவியில் நீடித்தார். நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான். ஆனால் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்க முடிந்ததே, அதனால்தான் அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கிடைத்தது.

அப்படி இறக்க வழி இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? ரஸ்ட் மொழியில் 2021 நவம்பரில் நடத்தை நெறிகளைக் கவனிக்கும் குழு முழுவதும் ஒரே நாளில் ராஜினாமா செய்தது. மையக் குழு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்தில் தன்னை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் புகார். புதிய தலைமைக் குழு அமைய 2023 ஆனது.

இனிப் பணக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வரைவில் நன்கொடை தரும் நிறுவனங்களுக்கு வாரியத்தில் இடம் உண்டு, எத்தனை என்ற வரம்பு இல்லை. லினக்ஸ் அறக்கட்டளை தெரியுமல்லவா? பெருந்தொகை கட்டும் பிளாட்டினம் நிறுவனங்களுக்கு அதன் இயக்குநர் குழுவில் இடம் உண்டு. தனி உறுப்பினர்களும் தங்கள் சார்பில் இயக்குநரைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 2016 ஜனவரியில் விதியைத் திருத்தி அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். விதியைத் திருத்தும் அதிகாரம் குழுவிடமே இருந்தது. யாரைக் கேட்டார்கள்? பைதான்காரர்களோ, தங்கள் குழுவின் ஐந்து பேரில் ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதினார்கள். நடுவில் ஒருவர் வேலை மாறினாலோ, ஒரு நிறுவனம் இன்னொன்றை விழுங்கினாலோகூட, எண்ணிக்கை மீறினால் யாராவது விலகியாக வேண்டும். எழுதியவர்கள் உலகம் தெரிந்தவர்கள்!

கடைசியாக, யாருக்கு ஓட்டு? கோடை நேரடியாகச் சேர்க்கும் கமிட் அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும் என்கிறது வரைவு. அப்படியானால் மென்பொருளின் மெனுக்களைத் தமிழில் பெயர்த்த அம்மாவுக்கு ஓட்டு இல்லை. கையேடு எழுதியவருக்கு இல்லை. புதிதாக வருபவர்களின் அரைகுறைக் கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற தங்கைக்கு இல்லை. டெபியன் 2010இலேயே இதற்கு ஓட்டெடுத்து, மென்பொருள் பொதி கட்டாதவர்களும் முழு உறுப்பினர் ஆகலாம் என்று முடிவு செய்துவிட்டது. குனோம் என்ற மென்பொருள் திட்டத்தின் அறக்கட்டளையில் மொழிபெயர்த்தவரும் உறுப்பினர் ஆகலாம், ஓட்டுப் போடலாம். நாம் மட்டும் ஏன் பூணூல் பார்த்து உள்ளே விடுகிறோம்? (கைதட்டல்)

தேர்தலால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2019இல் டெபியன் தலைவர் பதவிக்கு முதலில் ஒருவர்கூட வேட்புமனு போடவில்லை, கெடுவை நீட்டித்தார்கள். சம்பளமில்லாத பதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்தான். அதனாலேயே எப்போதும் இருக்கும் நான்கு பேரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாமா?

வரைவுக்கு நான்கு திருத்தங்கள் கொண்டுவருகிறேன். வாக்குச்சீட்டில் "யாரும் வேண்டாம்" என்ற வரி இருக்க வேண்டும், அது வென்றால் மறுதேர்தல். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால் வாரியத்தின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் இறங்க வேண்டும். பைதானின் விதிதான், வெட்கப்படாமல் எடுத்துக்கொள்வோம். ஒரே முதலாளியின் ஆட்கள் இரண்டுக்கு மேல் கூடாது. மொழிபெயர்த்தவருக்கும் ஆவணம் எழுதியவருக்கும் ஓட்டு. எழுத்தில் அவைத் தலைவரிடம் தந்துவிட்டேன். வழிமொழிய ஒருவர் எழுந்திருங்கள்.