சந்திரமுகில அந்தப் பாம்பு எதுக்கு வந்துச்சு?

(வாசிக்க வசதியாகப் பேச்சு சுருக்கப்பட்டுள்ளது. ‘ஸ்ரீவி’ ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ‘ராஜை’ ராஜபாளையத்துக்காரர். ‘சந்திரமுகி’, ‘பீட்சா’ பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும். கதை முழுக்க உடைகிறது.)

ஸ்ரீவி: இன்னைக்குப் பேய்ப்படம். பிடிச்ச படத்துல புரியாத சீன், ஆளுக்கு ஒண்ணு. யாரோட சீனுக்குப் பதில் கிடைச்சிருதோ, அவங்க பால்கோவா வாங்கித் தரணும்.

ராஜை: என்னோடது ‘சந்திரமுகி’, 2005. அந்தப் பெரிய பாம்பு. வருது, போகுது. ஏன்னு யாரும் சொல்லல.

ஸ்ரீவி: மாப்ள, பேய் பங்களான்னா பாம்பு இருக்கத்தான் செய்யும். இதுல என்ன குழப்பம்?

ராஜை: அது பேய்ப்படமே இல்லையேடா. கங்காவுக்கு வந்தது மனநோய்னு டாக்டர் சரவணன் உக்காந்து விளக்குறாரு. மூலப்படம் 1993ல ஃபாசில் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’. அதுல பாம்பு கிடையாது. பி.வாசு 2004ல கன்னடத்துல ‘ஆப்தமித்ரா’ எடுத்தப்ப பாம்பு உள்ள வந்துச்சு. அப்படியே தமிழுக்கும் வந்துருச்சு.

ஸ்ரீவி: அப்ப கங்கா கட்டிலத் தூக்குறது?

ராஜை: அதுக்காவது சமாதானம் இருக்கு. சாமி வந்து ஆடுறவங்களப் பிடிக்க நாலு பேர் வேணும்னு பூக்குழித் திருவிழாவுலயே பாத்திருக்கோம். ஆனா கங்கா மனசுல ஓடுற கதைல பாம்புக்கு வேலையே இல்ல. அதக் காட்டும்போது, ‘அப்ப பேய் நிஜம்தான் போல’ன்னு நமக்குத் தோணிருது.

ஸ்ரீவி: தோணினா என்ன? படம்தானே.

ராஜை: நம்ம பக்கம் ஒரு பொண்ணு திடீர்னு வேற குரல்ல பேசினா முதல்ல யாருகிட்ட கூட்டிட்டுப் போவாங்க? கோடாங்கிகிட்ட. டாக்டர் கடைசிலதான். ‘இது நோய், குணமாகும்’னு ரஜினியே சொன்ன படம்டா அது. எவ்வளவு பெரிய விஷயம்! அத இந்தப் பாம்பு வந்து கலைச்சுருது.

ஸ்ரீவி: க்ளைமாக்ஸ்ல மந்திரவாதியும் சேர்ந்துதானே சரி பண்றாரு? வேட்டையனுக்குப் பதிலா பொம்மைய எரிக்க வைக்கிறாங்களே.

ராஜை: அது வைத்தியம்னு தெரிஞ்சே செய்றாங்க. அவ நம்புறதையே மருந்தாக்குறாங்க. அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா 2023ல அதே வாசு ‘சந்திரமுகி 2’ எடுத்தாரு. அதுல ஆவி நிஜமாவே இருக்கு. பாம்பு ஜெயிச்சிருச்சு!

ஸ்ரீவி: (சிரிப்பு) என்னோடது ‘பீட்சா’, 2012. மைக்கேல் சொன்ன பேய்க்கதை வைரத்துக்காகக் கட்டின பொய்னு தெரிஞ்சுருது. ஆனா கடைசில பீட்சா கொடுக்கப் போற வீட்டுல ஏதோ இருக்கு. அது பேயா, அவன் பயமா?

ராஜை: அது நல்ல குழப்பம். பொய் சொன்னவன் அந்தப் பொய்யிலயே மாட்டிக்கிறான். பேய்னு எடுத்தாலும் சரி, பயம்னு எடுத்தாலும் சரி, கதை உடையல. பாம்ப அப்படி எடுக்கவே முடியாது.

ஸ்ரீவி: அட, எனக்குப் பதில் கிடைச்சிருச்சே!

ராஜை: அரைக் கிலோ, சூடா. மக்களே, பாம்புக்கு யாருகிட்டயாவது பதில் இருந்தா அனுப்புங்க. வீட்டுல யாராவது வேற ஆளாப் பேச ஆரம்பிச்சா, முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அடுத்த வாரம் பாப்போம்!