மேயர் நாற்காலியும் தங்கவயல் மண்ணும்

(செப்டம்பர் 29, தந்தை என். சிவராஜ் பிறந்த நாள் மற்றும் நினைவு நாள் கூட்டத்தில் கோலார் தங்கவயலில் ஆற்றிய உரை)

பெங்களூர் வண்டியில் வந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசியவர்கள் அத்தனை பேரும் தந்தை சிவராஜை "முன்னாள் சென்னை மேயர்" என்றார்கள். சுவரொட்டியிலும் அதுதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. என் சண்டை அந்தக் கொட்டை எழுத்தோடுதான். "நம்ம ஆளு மேயராக இருந்தார், நம்ம ஆளு எம்.எல்.ஏ. ஆனார்" என்று பதவியை எண்ணிச் சந்தோஷப்படுவதோடு நம் அரசியலை முடித்துக்கொள்கிறோமே, அந்தப் பழக்கத்தை எதிர்த்துப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அவர் யார்? 1892ஆம் ஆண்டு இதே செப்டம்பர் 29ஆம் நாள் கடப்பையில் பிறந்தவர். சட்டம் படித்து வழக்கறிஞரானவர். சென்னை சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, நாளைய நீதிபதிகளுக்குப் பாடம் நடத்தியவர். நீதிக்கட்சியில் வளர்ந்து 1926இல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குள் போனவர். பிறகு டெல்லியில் மத்தியச் சட்டமன்றம். 1945இல் ரிப்பன் கட்டடத்தில் மேயர் அங்கி. அவர் துணைவியார் அன்னை மீனாம்பாளும் மேடைக்கு மேடை நம் பெண்களைத் திரட்டியவர். கணவருடைய நிழலில் நின்றவரல்ல அவர், தனித் தலைவர்.

இந்த வரிசையை மட்டும் பார்த்தால் பதவிக்கு மேல் பதவி. ஆனால் தோழர்களே, அதே 1945, 46இல் என்ன நடந்தது என்று பாருங்கள்.

1942 ஜூலையில் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் முன்னிலையில் அகில இந்திய பட்டியல் சாதியினர் பெடரேஷன் உருவானபோது, அதற்குத் தலைவராக சிவராஜைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1946 தொடக்கத்தில் மாகாணத் தேர்தல் நடந்தது. நாடு முழுவதும் பட்டியல் சாதியினருக்கான தனி இடங்கள் 151. பெடரேஷன் ஜெயித்தது எத்தனை? இரண்டு! வெறும் இரண்டு! ரிப்பன் கட்டடத்தில் நம்மவர் மேயர். அவர் தலைவராக இருந்த இயக்கத்துக்கு நாடு முழுவதும் இரண்டே இடம்.

நம் மக்கள் ஓட்டுப் போடவில்லையா? போட்டார்கள். 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் என்ன சொன்னது? தனித்தொகுதியில் நான்கு பேருக்கு மேல் நின்றால், முதல் சுற்றில் பட்டியல் சாதி வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த நான்கு பேரில் ஒருவரை, இரண்டாம் சுற்றில் எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். முதல் சுற்றில் பல இடங்களில் பெடரேஷன் வேட்பாளர்கள் முன்னிலையில் நின்றார்கள். சேரி தன் தலைவனைக் காட்டியது. இரண்டாம் சுற்றில் ஊர் அவனைத் தூக்கி எறிந்துவிட்டு, தனக்குத் தோதானவனை எடுத்துக்கொண்டது. இடம் நமக்கு, ஆள் அவர்களுக்கு! பிறகு பிரிட்டிஷ் தூதுக்குழு வந்தபோது, "தாழ்த்தப்பட்டவர்களின் பிரதிநிதி காங்கிரஸ்தான், தேர்தல் முடிவைப் பாருங்கள்" என்று அதே கணக்கை எடுத்து நீட்டினார்கள்.

மேயர் பதவியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் மேயரை மாநகராட்சி உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கியும் சங்கிலியும் மேயருக்கு, நிர்வாகம் கமிஷனருக்கு. சிவராஜுக்கு முன்பே, 1937இல், நம்மவரான ஜே. சிவசண்முகம் பிள்ளை அந்த அங்கியைப் போட்டிருந்தார். அவர் காங்கிரஸ்காரர். 1946 முதல் 1955 வரை சென்னைச் சட்டமன்றத்தின் சபாநாயகர். பெரிய படிப்பாளி, எம்.சி. ராஜாவின் பேச்சுகளையும் எழுத்துகளையும் தொகுத்தவர். அவரை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சபாநாயகர் நாற்காலி எப்படிப்பட்டது? மற்றவர்கள் பேச அனுமதி கொடுக்கும் நாற்காலி அது. அதில் உட்கார்ந்தவர் தன் மக்களுக்காக வாய் திறக்க முடியாது. ஒன்பது ஆண்டுகள் நம்மவர் ஒருவரை அவையிலேயே உயரமான இடத்தில் உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் செய்தது அந்த ஏற்பாடு. அதற்காக நாம் கை தட்டினோம்!

சிவராஜுக்கும் அந்த வழி திறந்துதான் இருந்தது. தோற்றுப்போன பெடரேஷனை உதறிவிட்டு, ஆளும் கட்சிப் பக்கம் ஒரு அடி வைத்திருந்தால் போதும். அவர் படிப்புக்கும் அனுபவத்துக்கும் மந்திரி பதவி வீடு தேடி வந்திருக்கும். அவர் போகவில்லை. இரண்டு இடம் வாங்கிய கட்சிக்குத் தலைவராகவே இருந்தார். அண்ணல் மறைந்த பிறகு, 1957 அக்டோபர் 3இல் இந்தியக் குடியரசுக் கட்சி பிறந்தபோது அதற்கும் முதல் தலைவர் அவர்தான். அந்த ஆண்டே செங்கல்பட்டிலிருந்து நாடாளுமன்றம் போனார். கண்ணெதிரே கட்சி உடைந்தபோதும் தலைமையை விட்டு ஓடவில்லை. 1964 செப்டம்பர் 29இல், தன் எழுபத்திரண்டாவது பிறந்த நாளில், டெல்லியில் கண்ணை மூடும்வரை அவர்தான் தலைவர். இந்தப் பதினெட்டு ஆண்டுகளைப் போடுங்களய்யா சுவரொட்டியில்!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

சென்னை மாகாணத்தில் சிவராஜுக்குக் கிடைக்காதது தங்கவயலில் கிடைத்தது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த நம் பாட்டன்மார் சுரங்கக் கூண்டில் இறங்கினார்கள். ஏர் பிளாஸ்டில் பாறை வெடித்துச் செத்தார்கள். ஆனால் இங்கே பண்ணையார் இல்லை. அயோத்திதாசரின் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேர் விட்டது. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை 1926இல் இந்த ஊரிலிருந்து, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து, மறுபடி வந்தது. படிப்பும் சங்கமும் முன்னால் வந்தன, ஓட்டு பின்னால் வந்தது. அதனால்தான் 1952 பொதுத்தேர்தலில், இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த தங்கவயல், பெடரேஷனின் சுவாமிதுரையையும் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.எஸ். வாசனையும் மைசூர் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. ஊர் பொறுக்கிக் கொடுத்த ஆள் இல்லை. சுரங்கத் தொழிலாளி பொறுக்கிய ஆள்! 1954இல் அண்ணலே இந்த ஊருக்கு வந்தார். பிறகு குடியரசுக் கட்சிக்கு சி.எம். ஆறுமுகம், 2004இல் எஸ். ராஜேந்திரன்.

2004க்குப் பிறகு? 2008 தொகுதி மறுவரையறையில் பேத்தமங்கலம் தொகுதியைக் கலைத்து, அதன் கிராமங்களை நம்மோடு சேர்த்தார்கள். அன்றிலிருந்து நடந்த நான்கு தேர்தலில் இரண்டு முறை பா.ஜ.க., இரண்டு முறை காங்கிரஸ். பெங்களூரிலும் டெல்லியிலும் முடிவாகும் வேட்பாளர்கள். தனித்தொகுதி என்ற பலகை அப்படியேதான் இருக்கிறது. 1946இல் ஊர் செய்ததை இன்று கட்சித் தலைமை செய்கிறது.

மறுவரையறை மேல் மட்டும் பழி போட்டுத் தப்பிக்க நான் விடமாட்டேன். அதற்கு முன்பே நாம் பிளந்து கிடந்தோம். நீலக் கொடியில் எத்தனை பிரிவு என்று இந்த மேடையில் இருப்பவர்களாலேயே சொல்ல முடியுமா? 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபோது, ஒரே குரலாகக் கத்த ஒரு கட்சி நமக்கு இருந்ததா?

கேளுங்கள், இப்போது என்ன நடக்கிறது என்று. நம் வீட்டு வாசலில் மலை மாதிரி நிற்கின்றனவே சயனைடு மேடுகள், காற்றடித்தால் சோற்றில் விழுகிறதே அந்தத் தூசி, அதில் இன்னும் தங்கம் இருக்கிறது. 13 மேடுகள், சுமார் ஆயிரம் ஏக்கர். அவற்றை மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024இல் மாநில அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. அந்த மண்ணைப் பூமிக்கு அடியிலிருந்து மேலே கொண்டுவந்தது யார்? தூசியை நெஞ்சில் வாங்கி, இருமி இருமிச் செத்தது யார்? அந்தத் தங்கத்தில் உங்கள் பங்கு என்ன என்று எந்த வேட்பாளராவது உங்கள் வாசலில் வந்து சொன்னாரா? சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம், அந்த பிஜிஎம்எல் கையில் பல ஆயிரம் ஏக்கர் நிலம். தொழிற்பூங்கா என்கிறார்கள். வரட்டும்! அதில் எத்தனை வேலை மாரிக்குப்பத்துப் பிள்ளைக்கு, எத்தனை வேலை ஆண்டர்சன்பேட்டைப் பெண்ணுக்கு என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். விடியுமுன் எழுந்து, நின்றபடியே பெங்களூர் போய், இரவில் திரும்பி, பெற்ற பிள்ளை விழித்திருக்கும்போது முகம் பார்க்க முடியாமல் வாழ்கிறதே ஒரு தலைமுறை, அதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இது சிவராஜுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று யாராவது நினைத்தால் ஒன்று சொல்கிறேன். அவர் மறைந்த இரண்டாம் நாள், 1964 அக்டோபர் 1இல், குடியரசுக் கட்சி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்தது. உழுகிறவனுக்கு நிலம் கொடு என்று கேட்டது. டிசம்பர் 6ஆம் நாள், தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் நாடு தழுவிய நிலப் போராட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். சட்டமன்றத்தில் விரல் விட்டு எண்ணும் இடங்களே இருந்த கட்சி, அந்த அளவுக்குச் சிறையை நிரப்பியது!

ஆகவே, இந்த மேடையில் இருக்கும் எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் கேட்கிறேன். தனித்தனி மாலை வேண்டாம், தனித்தனி ஊர்வலம் வேண்டாம். சயனைடு மேட்டில் வரும் வருமானத்தில் தங்கவயலுக்குப் பங்கு, லைன் வீட்டுக்குப் பட்டா, தொழிற்பூங்காவில் உள்ளூர் வேலை: மூன்றையும் ஒரே மனுவாக எழுதி, எல்லோரும் இன்றைக்கே, இந்த மேடையிலேயே கையெழுத்துப் போடுங்கள். அடுத்த தேர்தலில் எந்தக் கொடி பிடித்து எவர் வந்தாலும் அந்தத் தாளை நீட்டுங்கள். கையெழுத்துப் போடாதவர் எந்தச் சாதியாக இருந்தாலும், எந்த முன்னாள் மேயருக்கு மாலை போட்டிருந்தாலும், ஒரு ஓட்டும் விழக்கூடாது. தாள் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. முதலில் அவைத் தலைவர் வாருங்கள். ஜெய் பீம்!