மலையிலே உண்ணும் ரொட்டி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரசியலும் அன்று, இலக்கியமும் அன்று. மாப்பண்டத்தின் நடுவே ஏதேனும் ஒரு சுவையை வைத்துக் கையாற் பிடித்து உண்கிறோமே, அதைப் பற்றியது. சான்ட்விச் என்னும் பெயர் நமக்கும் பழகிப்போன பெயர்தான். ஊவா மாகாணத்தில் மிகச் சிறந்த சான்ட்விச் எங்கே கிடைக்கும் என்று ஒரு விவாதம் சில மாதங்களுக்கு முன்னர் என் எதிரிலே நடந்தது. விளையாட்டாகத் தொடங்கிய விவாதம் அது. ஆனால், அது சென்று முடிந்த இடம் விளையாட்டன்று. ஆதலின் அதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கோட்டையிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதத்தில் பயணம் செய்துகொண்டிருந்தேன். வண்டி அப்புத்தளையை விட்டுப் புறப்பட்டதும், எதிரே இருந்த கொழும்பு இளைஞர் ஒருவர் கடதாசிப் பொதியொன்றைப் பிரித்தார். உள்ளே முட்டையும் வெள்ளரிக்காயும் வைத்த பாண் துண்டுகள். "நல்ல சான்ட்விச் வேண்டுமென்றால் கொழும்பிலேதான் வாங்க வேண்டும், இந்தப் பக்கத்தில் என்ன கிடைக்கப்போகிறது?" என்று அவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! பெட்டியிலிருந்த ஊவாக்காரர் அத்தனை பேருக்கும் ரோசம் வந்துவிட்டது.

முதலில் வாய்திறந்தவர் பண்டாரவளையிலே மரக்கறி வியாபாரம் செய்யும் ஒருவர். "தம்பி, எங்கள் ஊர்ப் பேக்கரியில் காலையில் அடுப்பிலிருந்து இறக்கும் மாலுபாணைச் சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். முக்கோணமாக மடித்த பணிஸ். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் சேர்ந்த பிரட்டல். "அந்தக் கிழங்கு வெலிமடைக் கிழங்கு. கொழும்பிலே அந்த ருசி வருமா?" என்றார்.

பதுளைக் கடைவீதியிலே கணக்கெழுதும் மற்றொருவர் அதை ஒப்பவில்லை. அவருடைய கட்சி ரோஸ் பாண். தட்டையாக அழுத்திச் சுட்ட அந்தப் பாணைப் பிளந்து, கட்டைச் சம்பலைப் பூசி, ஒரு கோப்பை சாயத்தண்ணீரோடு உண்டால், அதற்கு மேல் வேறு சுவை கிடையாது என்பது அவர் வாதம். காய்ந்த மிளகாய், வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு, தேசிக்காய்ப் புளி என்னும் ஐந்தும் அம்மியிலே ஒன்றுபட்டால் பிறப்பதன்றோ கட்டைச் சம்பல்!

மூன்றாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்தவர். அவர் பள்ளிக்கூடத்து முறையிலே விவாதத்திற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். "18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே வாழ்ந்த நான்காவது சான்ட்விச் பிரபுவின் பெயர்தான் இந்தப் பண்டத்துக்கு வந்தது. சூதாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல், பாணுக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது கதை. வேலை மிகுதியால் மேசையை விட்டு எழவில்லை என்று சொல்வாரும் உண்டு. 1762இலேயே கிபன் என்னும் வரலாற்றாசிரியர் தம் நாட்குறிப்பில் இச்சொல்லை எழுதிவிட்டார். ஆகவே, சான்ட்விச்சின் இலக்கணம் பாண் அன்று. தட்டு வேண்டாம்; கரண்டி வேண்டாம்; ஒரு கை போதும்; இருந்த இடத்தை விட்டு எழுந்து செல்ல நேரமில்லாதவனுடைய உணவு அது. இந்த இலக்கணம் முழுவதும் பொருந்துவது எங்கள் தோட்டத்து ரொட்டிக்குத்தான்!" என்று முடித்தார்.

கொழும்பு இளைஞர் சிரித்தார். ஆசிரியர் விடவில்லை. தென்னாபிரிக்காவைச் சான்றுக்கு அழைத்தார். 1860இல் சென்னையிலிருந்து முதற்கப்பல் நேட்டாலுக்குச் சென்றது. கரும்புத் தோட்டங்களிலே உழைக்க நம்மவர் சென்றனர். பிற்காலத்தில் அந்நாட்டு டேர்பன் நகரத்து இந்தியர் பாணின் உட்புறத்தைத் தோண்டியெடுத்து, அதற்குள் கறியை நிரப்பி விற்றனர். பாணே பாத்திரமாயிற்று. திரினிடாட்டிலோ, பொரித்த மெல்லிய அப்பங்கள் இரண்டிடையே கடலைக் கறியை வைத்து உண்கின்றனர். கோர்ண்வாலின் தகரச் சுரங்கத் தொழிலாளர் மாவுக்குள்ளே இறைச்சியையும் கிழங்கையும் பொதிந்து சுட்டுச் சுரங்கத்துக்குக் கொண்டுசென்றனர். "எங்கே பார்த்தாலும் இது உழைப்பாளியின் உணவு. பிரபு பெயரை மட்டும் கொடுத்தார்," என்றார் ஆசிரியர்.

தோட்டத்து ரொட்டியை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. கோதுமை மாவோடு துருவிய தேங்காயும் உப்பும் சேர்த்து, இளஞ்சூடான நீர் விட்டுப் பிசைவார்கள். உருட்டி, உள்ளங்கையாலே தட்டி, எண்ணெய் தடவாத கல்லிலே இருபுறமும் கருகுபுள்ளி விழும்வரை சுடுவார்கள். தேங்காய் தாராளமாக இருந்தால் ரொட்டி மிருதுவாக இருக்கும். தேங்காய் குறைந்தால் ஆறியவுடன் தோலைப்போல் இறுகிவிடும். சூடாக இருக்கும்போதே நடுவிலே சம்பலை வைத்து மடித்துத் துணியிலே சுற்றிவிட்டால், மலைக்குக் கொண்டுபோகலாம். மலை என்றால் தோட்டத்தார் வழக்கிலே கொழுந்து பறிக்கும் தேயிலை நிலம்.

இந்தச் சிறு ரொட்டியை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. இலங்கையிலே கோதுமை விளைவதில்லை. மா கடல்கடந்து வந்த தானியத்தின் மா. தேங்காய் குருநாகல், புத்தளம் பக்கத்துத் தாழ்நிலத்திலிருந்து மலையேறி வருகிறது. மாசியோ மாலைதீவினர் நமக்குப் பழக்கிய பொருள். ரொட்டியோடு அருந்தும் தேயிலை ஒன்றுதான் அந்த மலையிலேயே விளைந்தது. ஆடி, ஆவணியிலே கச்சான் காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணத்தை உலகச் சந்தை விலைகொடுத்து வாங்குகிறது. அதைப் பறித்தவள் குடிப்பது பெரும்பாலும் தூள்தேயிலையின் சாயத்தண்ணீர்.

ரொட்டி ஆதியிலிருந்தே தோட்டத்து உணவாக இருந்ததுமில்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் வந்தபோது கேழ்வரகும் கம்பும் சோளமும் உண்டு பழகியவர்கள். தோட்டம் அவர்களுக்கு அரிசி கொடுத்தது. அதன் விலையைச் சம்பளத்திலே பிடித்துக்கொண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையிலே வீழ்ந்ததும் அந்த அரிசி வருவது நின்றது. பங்கீட்டிலே அரிசி குறைந்து கோதுமை மா இடம்பிடித்தது. 1953இல் பங்கீட்டு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தால் செய்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. தோட்டப் பகுதிகளிலே பசி வாட்டியது. மரண வீதம் ஏறியது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது மாவின் விலை மீண்டும் பன்மடங்காகியது. ஆகவே, ரொட்டியின் சுவையைப் புகழும் நாம், அது விரும்பித் தேர்ந்தெடுத்த உணவாக மட்டும் வரவில்லை என்பதையும் மறத்தலாகாது. கைக்குக் கிடைத்த மாவைத் தாய்மார் தம் கைத்திறனாலே நல்லுணவாக்கினர். அந்தப் பெருமை மாவுக்குரியதன்று, அவர்களுக்குரியது.

விவாதம் இவ்வாறு வளர்ந்துகொண்டே போனது. வண்டி எல்லவைத் தாண்டித் தெமோதரைக்கு வந்தது. அங்கே புகையிரதப் பாதை பெரிய வளையமாகச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து செல்வதை நீங்கள் அறிவீர்கள். "எங்கள் பேச்சும் இந்தப் பாதையைப் போலச் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது," என்று வியாபாரி நகைத்தார்.

அப்போது ஆசிரியர், சன்னலோரத்திலே அதுவரை பேசாமல் அமர்ந்திருந்த ஒரு முதிய அம்மையாரை நோக்கி, "நீங்கள் சொல்லுங்கள், அம்மா. மலையிலே சாப்பிட்ட ரொட்டியைப்போல் வேறு எங்கேயும் உண்டா?" என்று கேட்டார். அவர் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்தவர் என்பது முன்னமே பேச்சிலே தெரிந்திருந்தது. தம் கட்சிக்குச் சான்று கிடைத்துவிட்டதென்று ஆசிரியருக்கு மகிழ்ச்சி.

அந்த அம்மையார் சற்று யோசித்தார். பின்பு சொன்னார்: "ரொட்டி நல்லாத்தான் இருக்கும், ஐயா. விடியக்காலம் நாலு மணிக்கு எழும்பி நானேதானே சுடுறது. பிள்ளைகளுக்கு ஒண்ணு, அவருக்கு ரெண்டு, மிச்சம் எனக்கு. ஆனா நீங்க எல்லாரும் எங்கே வாங்குறதுன்னுதான் பேசுறீங்க. எங்கே உக்காந்து சாப்பிடுறதுன்னு ஒருத்தரும் கேக்கலியே! மழை பேஞ்சா படங்கைத் தலையிலே போட்டுக்கிட்டு நின்னுக்கிட்டே சாப்பிட்டிருக்கேன். கை கழுவத் தண்ணி இருக்காது. கொழுந்துக் கறையும் மருந்து வாடையும் கையோட வரும். துணியாலே பிடிச்சு ரொட்டியைக் கடிக்கிறதுதான். ருசி பார்க்க எங்கே நேரம்? கிலோ நிறையாட்டி அரைப்பேர்தானே!"

பெட்டியிலே பேச்சு அடங்கியது. அரைப்பேர் என்றால் இளைஞருக்கு விளங்கவில்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காத நாளுக்குப் பாதிச் சம்பளம் என்று ஆசிரியர் மெல்லிய குரலிலே விளக்கினார். சற்று முன்னர் அவரே வகுத்த இலக்கணம் நினைவுக்கு வந்தது போலும். இருந்த இடத்தை விட்டு எழுந்து செல்ல நேரமில்லாதவனுடைய உணவு என்று அவர் பெருமையாகச் சொன்னார். பிரபு எழாதது அவர் விருப்பம். இந்த அம்மையாருக்கு அமர்வதற்கே இடமில்லை.

நேயர்களே, அன்று முதல் இக்கேள்வி என்னை விட்டகலவில்லை. ஓர் உணவின் சிறப்பை அதன் சேர்மானத்திலும் கைப்பக்குவத்திலும் மட்டுமே நாம் தேடுகிறோம். அதை உண்பவருக்கு ஒரு கூரை, ஒரு பலகை, கை கழுவச் சிறிது நீர், அவசரமில்லாத அரைமணி நேரம் ஆகியவை வேண்டாமா? சில தோட்டங்களிலே மலையில் ஓய்வுக் கொட்டில்கள் அமைத்திருக்கிறார்கள், நீர்த்தொட்டியும் வைத்திருக்கிறார்கள். அது பெருஞ்செலவுள்ள காரியமன்று. நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும் ஒரு குழாயும் போதும். இல்லாத மலைகளிலும் அவை வருமானால், அந்த ரொட்டி இன்றிருப்பதிலும் சுவையாக இருக்கும் என்பதிலே ஐயமில்லை. தோட்டத்தை நடத்துவோரும், தொழிற்சங்கத்தாரும், படித்து வெளியேறிய தோட்டத்துப் பிள்ளைகளும் எண்ணினால் ஆகக்கூடியதே இது.

பதுளை நிலையத்திலே வண்டி நின்றது. 1924ஆம் ஆண்டிலிருந்து பாதை முடியும் இடம் அது. இறங்குமுன் அந்த அம்மையார் மடியிலிருந்த துணிமுடிச்சை அவிழ்த்தார். மகளுக்கென்று கொண்டுவந்த ரொட்டி. ஒன்றைப் பிய்த்து எங்கள் அனைவருக்கும் கொடுத்தார். கொழும்பு இளைஞர் தமது கடதாசிப் பொதியிலே எஞ்சியிருந்ததை அவரிடம் நீட்டினார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு, தம்பி," என்றார் அவர். ஆனால் அதை உண்ண அவர் நிற்கவில்லை. மேடையிலிருந்த வாங்கொன்றைத் தேடிச் சென்று, அமர்ந்து, நிதானமாக உண்டார்.

எந்த ஊர்ச் சான்ட்விச் சிறந்தது என்று அன்று யாரும் தீர்ப்புக் கூறவில்லை. நானும் கூறப்போவதில்லை. நேயர்கள் அடுத்த முறை ஊவாவுக்குச் செல்லும்போது மாலுபாணையும் உண்ணுங்கள், ரோஸ் பாணையும் உண்ணுங்கள். தோட்டத்து வீடொன்றிலே ரொட்டி கிடைத்தால் அதனையும் மறுக்காதீர்கள். அதைச் சுட்டவரும் உங்களோடு அமர்ந்து உண்கிறாரா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.