கோணல் மரத்தை நிமிர்த்தியவர்கள்

நெல்லில் புது ரகம் தேடுபவருக்கு நான்கு மாதத்தில் ஒரு விடை கிடைத்துவிடும். மரத்தில் தேடுபவருக்கு? அவர் வேலையில் சேர்ந்தபோது நட்ட கன்று, அவர் ஓய்வு பெறுகிற வயதில்தான் அறுவைக்கு வரும். அப்படியிருந்தும், காட்டில் கோணலாகக் கிடந்த ஒரு பைன் மரத்தை நியூசிலாந்துக்காரர்கள் பயிராக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த மரத்தின் பெயர் ரேடியேட்டா பைன். அதன் தாய்நாடு அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை. கலிஃபோர்னியாவில் ஆனோ நுவேவோ, மான்டரே, கேம்ப்ரியா என்ற மூன்று இடங்கள். மெக்சிகோவுக்குச் சொந்தமான குவாடலூப், செட்ரோஸ் என்ற இரண்டு தீவுகள். உலகத்தில் அது பூர்வீகமாக வளரும் இடம் இவ்வளவுதான், எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ஹெக்டேர். கடல் மூடுபனியில் நனைந்து, காற்றில் வளைந்து, கிளையும் கணுவுமாக நிற்கும். அங்கே தச்சர்கள் அதைப் பெரிதாக மதித்ததில்லை.

1850களில் அதன் விதை நியூசிலாந்துக்குப் போனது. பண்ணைக்குக் காற்றுத்தடுப்பாக நட்டார்கள். வளர்ந்த வேகத்தைப் பார்த்து வியந்தார்கள். வடக்குத் தீவின் நடுவே கைங்கரோவா என்று ஒரு எரிமலைச் சாம்பல் சமவெளி இருக்கிறது. மண்ணில் கோபால்ட் சத்து இல்லாததால் ஆடுமாடுகள் அங்கே மேய்ந்தும் மெலிந்து செத்தன. விவசாயத்துக்கு ஆகாது என்று விட்ட அந்த நிலத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைதிகளும், 1930ஐ ஒட்டிய பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாத் தொழிலாளர்களும் பைன் நட்டார்கள். அது பெருங்காடானது. ஆனால் நட்டதெல்லாம் காட்டு விதைதான். ஒரு மரம் நேராக நிற்கும், பக்கத்து மரம் கவையாகப் பிரிந்திருக்கும்.

1950களில் ரொட்டொருவா நகரிலிருந்த வன ஆராய்ச்சி நிலையத்தார் இந்தக் காடுகளுக்குள் நடந்து நடந்து மரம் தேடினார்கள். நேரான தண்டு, மெல்லிய கிளை, அக்கம்பக்கத்து மரங்களைவிட மிஞ்சிய வளர்ச்சி. பெருங்கூட்டத்தில் ஒன்றிரண்டுதான் தேறும். தேறியவற்றின் உச்சிக் கிளையை வெட்டி, இளங்கன்றில் ஒட்டுக் கட்டினார்கள்.

இந்த ஒட்டில்தான் காலத்தை வெல்லும் வித்தை இருக்கிறது. கன்று சிறியதாக இருந்தாலும், ஒட்டிய கிளை தன் முதிர்ந்த வயதை மறப்பதில்லை. அதனால் சில ஆண்டுகளிலேயே பூத்துவிடும். பெண் பூங்கூம்பு விரியுமுன் அதற்குப் பை மாட்டி, தேர்ந்தெடுத்த தந்தை மரத்தின் மகரந்தத்தை ஊசிக்குழாய் வழியே பைக்குள் ஊதுவார்கள். அதன் பிறகும் கூம்பு முற்றி விதை கையில் வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த விதையின் கன்றுகளைப் பல இடங்களில் நட்டு, எட்டு ஆண்டு வளர்ச்சியை வைத்து, வெட்டப்போகும் இருபத்தெட்டாம் ஆண்டைக் கணிக்க வேண்டும்.

தோட்டத்தில் நடும்போது சிக்கல் தலைகீழாகிறது. முதிர்ந்த மரத்துத் தண்டை வெட்டி வேர்விட வைத்தால், அது கிழமாகவே வளரும். நல்ல மரம் என்று தெரியவரும்போது அதற்கு வயதாகிவிட்டிருக்கும். இதற்கு ஒரு வழி கண்டார்கள். முற்றாத விதையிலிருந்து கருத்திசுவை வளர்த்து, ஒரு பாதியைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், உறைய வைப்பது. மறுபாதியை வயலில் நட்டுச் சோதிப்பது. பல ஆண்டு கழித்து எது தேறுகிறதோ, அதன் உறைந்த பாதியை எழுப்பினால் அது இன்னும் குழந்தையாகவே இருக்கும். மர வளர்ப்பில் என்னை இவ்வளவு பரவசப்படுத்திய செய்தி வேறில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. முதலில் வேகத்தையும் நேரான தண்டையும்தான் கேட்டார்கள். மரம் அதைக் கொடுத்தது. நாற்பது ஆண்டு நின்ற மரத்தை இருபத்தெட்டிலேயே வெட்ட முடிந்தது. நம் ஊர் வேம்பிலும் தேக்கிலும் நடுவில் வைரம் பாய்ந்திருக்கும். இந்தப் பைனில் நடுப்பகுதிதான் நொய்ந்தது. முதல் பத்து வளையங்களுக்கு உறுதி குறைவு, முறுக்கிக்கொள்ளும். சீக்கிரம் வெட்டினால் அந்தப் பகுதியின் பங்கு கூடும். வீட்டுச் சட்டத்துக்குப் போகிற மரத்தில் விறைப்பு போதாமல் போயிற்று. பிறகுதான் அடர்த்தியையும் விறைப்பையும் தேர்வுப் பட்டியலில் சேர்த்தார்கள். கேட்காத குணம் நழுவும் என்பதை முதலிலேயே எண்ணியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

நழுவியதை எங்கே தேடுவது? நியூசிலாந்துத் தோட்டங்கள் பெரும்பாலும் ஆனோ நுவேவோ, மான்டரே வழி வந்தவை. 1978இல் அமெரிக்க, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் ஐந்து தாய்க்காடுகளிலும் விதை சேகரித்தார்கள். குவாடலூப் தீவு மரத்துக்கு அடர்த்தி அதிகம் என்பது தெரியவந்தது. அந்தத் தீவிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்திறங்கிய ஆடுகள் முளைக்கும் கன்றையெல்லாம் தின்று தீர்த்து, இருநூற்றுச் சொச்சம் கிழ மரங்களே மிஞ்சியிருந்தன. 2000களில் ஆடுகளை அகற்றிய பின் கன்றுகள் மறுபடி எழுந்தன.

மான்டரேயில் காட்டின் இடத்தைப் பிடித்தவை வீடுகளும் கோல்ஃப் மைதானங்களும். 1986இல் கிளைகளைக் காய வைக்கும் ஒரு பூஞ்சை நோயும் கலிஃபோர்னியாவில் தென்பட்டு, இந்தக் காடுகளுக்குள் பரவியது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியத் தோட்டங்களுக்குள் அது நுழையவில்லை. என்றாலும் இரு நாடுகளும் தங்கள் மரக் குடும்பங்களின் விதைகளைக் கலிஃபோர்னியாவுக்கே அனுப்பி, அங்கே நாற்றுகளுக்கு நோயை ஏற்றி, எந்தக் குடும்பம் தாங்குகிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கின்றன.