பால் கணக்கும் பள்ளிக் கணக்கும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



சங்க மேடையில் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சம்பளத்துக்காக நாம் போராடுவதே பிள்ளைகளுக்காகத்தானே! ஆகவே இன்று ஒரு கேள்வியை எடுத்துக் கொள்வோம். ஒரு வட்டாரத்துப் பள்ளிகளையெல்லாம் நடத்தும் தலைவர் திறமைசாலியா இல்லையா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? தேர்வுப் புள்ளியும் தரவரிசையும் போதும் என்பார் உண்டு. போதாது என்பது நம் வாதம்.

முதலில் நம் தொழிலைப் பார்ப்போம். வாளியை நிறுவைக்கு வைக்கிறோம். எடை மட்டுமா கணக்கு? தண்ணீர் கலந்தாலும் எடை கூடும். அதனால்தான் மெட்ரோலாக்கை விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அதுவும் முழுக் கணக்காகாது. உளியை ஆழமாக இறக்கினால் இன்றைக்குப் பால் கூடுதலாக வரும். மரத்திலோ காயம் படும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். சில ஆண்டு கழித்து அந்தப் பக்கத்தில் வெட்டப் போகிறவன் தலையில் அடித்துக் கொள்வான். மூன்றாண்டு பால் பெருக்கிக் காட்டிவிட்டு மாற்றலாகிப் போன நிர்வாகியைக் கணக்குப் புத்தகம் கெட்டிக்காரர் என்று சொல்லும். மரத்தைக் கேட்டால் வேறு சொல்லும்!

இதே கதை பள்ளிக்கூடத்தில் நடந்த ஊர் ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டா. அந்த நாட்டில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கல்வி வாரியம் உண்டு. பெரும்பாலும் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு வாரியத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். வாரியம் பள்ளிகளுக்கு ஒரு தலைமை அதிகாரியை நியமிக்கும். 2002-ஆம் ஆண்டு கையெழுத்தான ஒரு சட்டம், 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற வேண்டும் என்று கெடு வைத்தது. பின்தங்கிய பிள்ளைகளை எவரும் மூடி மறைக்கக் கூடாது என்ற நோக்கம் நல்லதே. ஆனால் கெடுவும் தண்டனையும் ஒரே எண்ணின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அட்லாண்டாவில் 1999 முதல் தலைமை அதிகாரியாக இருந்தவர் பெவர்லி ஹால் அம்மையார். அங்கே பிள்ளைகளில் மிகப் பலர் ஏழைக் கறுப்பினத்தவர். புள்ளிகள் ஏறின, நாடே புகழ்ந்தது. 2009-இல் நாட்டின் சிறந்த கல்வித் தலைவர் என்ற விருதும் அவருக்குக் கிடைத்தது. 5 லட்சம் டாலருக்கும் அதிகமான ஊக்கத்தொகையும் கிடைத்தது. ஆண்டுக்கூட்டம் ஒரு பெரிய விளையாட்டு அரங்கத்தில் நடக்கும். இலக்கை எட்டிய பள்ளிகளின் ஆசிரியர்கள் கீழே மைதானத்தில் அமர்வார்கள். எட்டாதவர்கள் தூரத்துப் படிவரிசையில் அமர வேண்டும். பெரட்டுக் களத்தில் அவமானப்பட்டவர்களுக்கு அதன் வலியைச் சொல்லித் தரவேண்டுமா?

பிறகு ஒரு பத்திரிகை சந்தேகம் எழுப்பியது. மாநில அரசு விடைத்தாள்களைச் சோதித்தது. தவறான விடையை அழித்துச் சரியான விடையாக்கிய அடையாளங்கள் இயற்கைக்கு மீறி இருந்தன. 2011 ஜூலையில் விசாரணை அறிக்கை வந்தது: 44 பள்ளிகள், 178 கல்வியாளர்கள். அவர்களில் 82 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பயமும் மிரட்டலும் பழிவாங்கலும் அங்கே நிலவின என்றும் அறிக்கை எழுதிற்று. 2015 ஏப்ரலில் 11 பேர் கூட்டுச் சதிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். ஹால் அம்மையார் தாம் குற்றமற்றவர் என்றே சொல்லி வந்தார். வழக்கு முடியுமுன் அதே ஆண்டு நோயால் காலமானார்.

தோழர்களே! இதில் ஏமாந்தவர் யார்? படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் ‘தேர்ச்சி’ என்று எழுதிவிட்டால், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய தனிப்பாடம் கிடைக்காது. நோயாளியின் சீட்டில் ‘சுகம்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியது போலத்தான்! இன்னொரு சோகமும் உண்டு. இந்த அழிப்பு வேலை நடக்காத ஒரு தேசியத் தேர்விலும் அட்லாண்டாப் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். உண்மையான உழைப்பும் அங்கே இருந்தது. பொய் கலந்ததால் மெய்யையும் நம்ப ஆளில்லாமல் போயிற்று.

அப்படியானால் புள்ளியே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டோம். அழித்த அடையாளங்களை எண்ணித்தானே திருட்டைக் கண்டுபிடித்தார்கள்! நிறுவைத் தராசைத் தூக்கி எறிந்தால் நஷ்டம் நமக்கே. தராசோடு மரத்தையும் பார் என்பதே நம் கோரிக்கை. அமெரிக்காவிலும் 2015 டிசம்பரில் பழைய சட்டத்தை மாற்றி, தேர்வு அல்லாத ஓர் அளவையாவது சேர்க்கச் சொன்னார்கள். பல மாநிலங்கள் பள்ளி நாட்களில் பத்தில் ஒன்று வராமற்போகும் பிள்ளைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கின.

நம் நாட்டுக்கு வருவோம். 1988-இல் தொடங்கிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தாயிற்று. அதுவரை தமிழ்ப்பள்ளியைப் பார்த்து ‘எத்தனை பேர் 7ஏ?’, பிறகு ‘எத்தனை பேர் 8ஏ?’ என்றுதான் கேட்டோம். நாமும் கேட்டோம்! கடைசி வரிசையில் இருந்த பிள்ளை என்ன ஆனான் என்று கேட்டோமா? தேர்வு போனாலும் அந்தப் பழக்கம் நம் வாயை விட்டுப் போகவில்லை.

இனி மாவட்டக் கல்வி அதிகாரி வந்தாலும், தலைமையாசிரியர் வந்தாலும், பணிவோடு நான்கு கேள்வி கேட்போம்.

ஒன்று: தினம் பள்ளிக்கு வராத பிள்ளை யார், ஏன் வரவில்லை, யார் வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள்?

இரண்டு: மூன்றாம் ஆண்டு முடிக்கும்போது வாசிக்கத் தெரியாதவர் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஏற்பாடு?

மூன்று: ஆசிரியர்கள் நிலைத்து நிற்கிறார்களா, மாற்றல் கேட்டு ஓடுகிறார்களா? கெட்ட செய்தியைப் பயமில்லாமல் மேலே சொல்ல அவர்களால் முடிகிறதா?

நான்கு: பணமும் ஆளும் அதிகம் தேவைப்படும் பள்ளிக்கு அதிகம் போகிறதா, பெயர் எடுத்த பள்ளிக்கே போகிறதா?

இவற்றில் மூன்றாவதுதான் ஆணிவேர். ‘இங்கே குறை இருக்கிறது’ என்று சொல்பவனைத் தண்டிக்கும் தலைவருக்கு, நல்ல எண் மட்டுமே வந்து சேரும். தோட்டத்திலும் அப்படித்தான், பள்ளியிலும் அப்படித்தான்.

மேட்டுக் காட்டில் கிழட்டு மரம் வெட்டுகிறவரையும் சமவெளியில் இளமரம் வெட்டுகிறவரையும் ஒரே தராசில் ஒப்பிட்டால் நாம் சண்டைக்குப் போவோம். தோட்டப் பள்ளியையும் பட்டணப் பள்ளியையும் ஒப்பிடும்போதும் அதே நியாயத்தைக் கேட்போம்: பிள்ளை எங்கிருந்து தொடங்கினான், எவ்வளவு தூரம் வந்தான் என்று பாருங்கள்.

கிராணிமார்களே, கணக்கு உங்களுக்குக் கைவந்த கலை. அந்த நான்கு கேள்விகளையும் எழுதிக் கொடுங்கள். தாய்மார்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள், பின்வரிசையில் உட்காராதீர்கள். மரத்தின் காயத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடும் கைகள் நம்முடையவை. நம் பிள்ளைகளின் பள்ளியையும் அப்படித் தொட்டுப் பார்ப்போம்.