கல்விக்கு ஈந்த காணி
(கந்தளாயில் ஆற்றிய உரை)



கந்தளாய்க் குளத்து நீரால் பயிர் செய்யும் நமக்கு நிலத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். 1974இல் அக்காணியிலேயே பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஐம்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னும் கல்விக்கு ஈந்த நிலம் கல்விக்கே பயன்பட்டது!

இன்று பீடங்கள் பெருகின, நகரமும் நெருங்கிற்று, நிலமோ பெருகவில்லை. பழைய கட்டடத்தை அகற்றி மாடி எழுப்புவதை நாம் எதிர்க்கவில்லை. வெறும் நிலமெல்லாம் வீண் நிலம் என்பாரையே எதிர்க்கின்றோம். விதைநெல்லைத் தின்றவன் காலபோகத்துக்கு எதை விதைப்பான்? நாளைய பீடத்துக்குரிய நிலமே பல்கலைக்கழகத்தின் விதைநெல். அதனை வாணிபத்துக்கு விடலாகாது. நமது திருகோணமலை வளாகத்துக்கும் இதுவே நீதி.

விழிப்புடன் காப்போமாக!