கச்சத்தீவில் நின்ற சொல்லும் நில்லாத சொல்லும்

(போடிநாயக்கனூர்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கடல் காணாத ஊரில் கச்சத்தீவைப் பற்றிப் பேசுவானேன் என்று எண்ணாதீர்கள். எல்லைக்கோடு இன்னதென்று நாம் அறிவோம். தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டுமென்ற குரல் கேளாச் செவியில் விழுந்து, 1956 நவம்பர் 1ஆம் நாள் அவை கேரளத்தோடு நின்றன. ஆயினும் தூக்குச்சட்டியோடு போடிமெட்டுக் கடந்து ஏலக்காய் பறிக்கப் போகும் நம் பெண்கள் மாலையில் வீடு திரும்புகிறார்கள். கடற்கோட்டைக் கடக்கும் இராமேசுவரத்து மீனவன் படகையும் இழந்து சிறையும் புகுகிறான்.

தீவின் பரப்பு 285 ஏக்கர். சேதுபதியரின் உரிமையில் இருந்தது. 1974 சூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்படிக்கை செய்தனர். அதன் ஐந்தாம் கூறு, நம் மீனவரும் வழிபடுவோரும் முன்போலவே தீவுக்குச் சென்று வரலாம் என்கிறது. வினைச்சொல்லைப் பாராமல் பொருள் கொள்ளாதே என்று மாணவர்க்குச் சொல்வேன். அங்குள்ள வினை ‘செல்லுதல்’, ‘மீன்பிடித்தல்’ அன்று! ஆனால் மீன்பிடி உரிமையும் காக்கப்பட்டிருக்கிறதென்று சூலையில் வெளியுறவு அமைச்சர் சுவரண்சிங் நாடாளுமன்றத்தில் உறுதி சொன்னார். 1976 மார்ச்சு 23இல் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் மடல் மாற்றிக்கொண்டனர். ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் இசைவின்றி மீன்பிடிக்கலாகாது என்பது அம்மடல். அவையில் சொன்ன சொல் போயிற்று, மடல் நின்றது.

அம்மடல்களால் குமரிமுனைக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வாட்சுத் திட்டு இந்தியாவுக்கு உறுதியாயிற்று. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் பாம்பனிலிருந்து புறப்படும் சிறுபடகுக்கு அது எத்தனை தொலைவு!

பெருபாரியைப் பாக்கித்தானுக்குக் கொடுக்க அரசியற் சட்டத்தைத் திருத்தவேண்டுமென்று 1960இல் உச்சநீதிமன்றம் கூறிற்று, திருத்தினார்கள். கச்சத்தீவுக்கு அது நடக்கவில்லை. ஏன்? அது வழக்கிலிருந்த நிலமாம், நமதென்று முடிவாகாததாம், ஆதலால் எதையும் கொடுக்கவில்லையாம். நடுவணரசின் மறுமொழி இது. சட்டமன்றம் 1974இல் வருந்தியது. 1991இலும் 2025 ஏப்பிரலிலும் மீட்கக் கோரியது. 2014இல் நடுவணரசின் தலைமை வழக்குரைஞரோ, மீட்கப் போரா தொடுப்பது என்று உச்சநீதிமன்றத்தில் கேட்டார்.

போரை யார் கேட்டார்? அக்கரையில் வலைவீசுபவனும் தமிழன். நம் இழுவைமடிகள் அவன் கடலடியை வழித்தெடுப்பது பொய்யன்று. 1974இலும் 1976இலும் எழுதிய மேசையில் இவனுக்கும் இருக்கையில்லை, அவனுக்கும் இருக்கையில்லை. அடுத்து எழுதும்போதாவது இருவரையும் உட்காரவைத்து எழுதட்டும்.